ஆறு மணி வண்டி

ராஜீவ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அப்பனுக்கு விருந்தாளிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

தேவகி வீட்டில் விருந்தாளிக்கென்று ஒரு பித்தளைச் சொம்பு தனியாக உண்டு. புளி போட்டுத் துலக்கி, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருப்பாள். வீட்டு மனிதர்கள் குடிக்க, குடத்தின் மேலேயே ஒரு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் கிடக்கும். வெளியாள் யார் வந்தாலும் பிள்ளைகள் சொம்பை எடுத்து நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டி, "வாங்க, தண்ணி குடிங்க" என்று சொல்ல வேண்டும். அது தேவகி பழக்கிய பழக்கம். எட்டு வயதுப் பையன் பழக்கத்தை ஒழுங்காகத்தான் ஞாபகம் வைத்திருந்தான். ஆளைத்தான் மாற்றி வைத்துக்கொண்டான்.

"வாங்க நைனா, தண்ணி குடிங்க" என்றான்.

பக்தவச்சலம் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தான். பெரியவள் ஷாலினியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுக்களை வாசலில் நின்று பார்த்த தேவகிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு அப்பன் விருந்தாளியாகிவிட்டால் அந்த வீட்டில் அவள் எதற்குக் குடித்தனம் நடத்துகிறாள்?

பையனைக் குற்றம் சொல்ல முடியாது. பக்தவச்சலம் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் செட்டர். மற்றவர்கள் ஓட்டுவதற்கு முன்னால் மெஷினுக்கு அளவு பூட்டிக் கொடுக்கிற வேலை. திருத்தணியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வந்தான். விடிவதற்குள் சைக்கிளை மிதித்து ஸ்டேஷனுக்குப் போனால், சாயங்காலம் அம்பத்தூரில் ஆறு மணி வண்டியைப் பிடித்துத் திரும்பி, வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது எட்டரைக்கு மேலாகிவிடும். தேவகியோ பிள்ளைகளை எட்டு மணிக்கெல்லாம் படுக்க வைத்துவிடுகிறவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலாகாலத்தில் தூங்க வேண்டும் என்பது அவள் சட்டம். ஆக, வாரத்தில் ஆறு நாள் அப்பன் பிள்ளைகளைத் தூக்கத்தில்தான் பார்த்தான். பிள்ளைகள் அப்பனை ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தன.

"பட்டணத்துக்கே போயிடலாங்க" என்றாள் தேவகி அன்றைக்கு மத்தியானம். கறிக்குழம்பு சோற்றில் கை வைத்திருந்த பக்தவச்சலம் நிமிர்ந்து பார்த்தான்.

"இங்க இன்னா கொறச்சல்?"

"நீங்கதான் கொறச்சல்."

அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். உண்மையில் அவனுக்கு அந்த ரயில் பிடிக்கும். சீசன் டிக்கெட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டியையே தங்கள் வீடு மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். சீட்டு, அரட்டை, அரக்கோணத்தில் ஏறுகிற பஜ்ஜி. ஆயுத பூஜைக்கு ஜன்னல் கம்பியில் வாழைக்கன்று கட்டி, கதவுக்குச் சந்தனம் தெளித்து, பெட்டிக்கே பூஜை போடுவார்கள். சந்தனம் தெளிப்பது வருஷாவருஷம் பக்தவச்சலம்தான். தேவகிக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் வீட்டுக்கு வராமல் வழியில் நடத்துகிற கச்சேரி என்பாள்.

பட்டணத்தில் வீடு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பக்தவச்சலத்தின் அக்கா வசந்தி வில்லிவாக்கத்தில் மாடி வீடு கட்டி இருந்தாள். புருஷன் துபாயில். பிள்ளை குட்டி கிடையாது. மாடிப் போர்ஷன் காலியாகவே கிடந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் "கெட்டும் பட்டணம் சேர்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, குரங்குங்கள தொரத்திக்கினு இந்த மலையடிவாரத்துல இன்னாடா பண்ற?" என்று தம்பியைக் குடைவாள். அவள் பிறந்ததும் அதே மலையடிவாரத்தில்தான். அதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்துவதில்லை.

தேவகி சரி என்று சொல்லியனுப்பியதும் வசந்திக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி வைத்தாள். போர்ஷனுக்கு வெள்ளை அடித்தாள். கடைசியில் ஒரு விஷயத்தில்தான் முட்டிக்கொண்டது.

"அந்த வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு வந்துடு. பூட்டிப் போட்டா கரையான் புடிக்கும்" என்றாள்.

"வுட்டுடலாம் அண்ணி" என்றாள் தேவகி. "ஆனா ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள்லாம் எங்க வந்து எறங்குவீங்க?"

ஆடிக் கிருத்திகை வந்தால் அந்த வீடு வீடாக இருக்காது, சத்திரமாகிவிடும். திருத்தணி ஒரு ஊரா என்று வருஷம் முழுக்க மூக்கைச் சுளிக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் காவடியும் கையுமாக வந்து இறங்குவார்கள். மொட்டை அடித்துக்கொண்டு, கிணற்றடியில் குளித்து, மலை ஏறி இறங்கி, சாப்பிட்டு, கூடத்தில் காலை நீட்டிப் படுத்துவிட்டுப் போவார்கள். லாட்ஜில் அன்றைக்கு ஒரு கட்டில் கூடக் கிடைக்காது.

"அதுவும் சரிதான். பூட்டியே கெடக்கட்டும்" என்றாள் வசந்தி.

தேவகி ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. சாவியைத் தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

ஜூன் மாதம், தொண்ணூற்றொன்பதில், சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் வாரம் சொர்க்கம். பக்தவச்சலம் சைக்கிளை எடுத்தால் இருபது நிமிஷத்தில் பட்டறை. காலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வந்து நின்றான். ராஜீவ் சைக்கிள் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தான். கால் எட்டாததால் கம்பிக்கு நடுவே காலை விட்டு மிதிக்கிற குரங்குப் பெடல். பாதிதான் வந்திருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மீதியையும் முடித்துவிடுவதாக அப்பன் வாக்குக் கொடுத்தான். தேவகிக்குத் தன் புத்தியை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே வசந்தி வீட்டில் போன் அடித்தது.

"பக்தா, ஒங்க மொதலாளிடா" என்று வசந்தி மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். ஒரு கம்பெனி முதலாளி தன் வீட்டுப் போனில் பேசுகிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு பூரிப்பு. மெஷின் ஒன்று மக்கர் பண்ணுகிறது, வீடு பக்கத்தில்தானே, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றார் முதலாளி மணவாளன். பக்தவச்சலம் போனான். போனவன் சாயங்காலம் வந்தான். போன இடத்துக்கு அவனோடு சைக்கிளும் போயிருந்தது.

அதற்கப்புறம் அந்தப் போனுக்கு ஓய்வே இல்லை. ராத்திரி ஷிஃப்டில் அளவு மாறிவிட்டதா, பக்தா. திங்கட்கிழமை சரக்குப் போக வேண்டுமா, பக்தா. தட்டில் கை வைத்தால் அடிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்தால் அடிக்கும். "வூடு பக்கத்துலதான" என்ற ஒரு வார்த்தையை முதலாளி எங்கே பிடித்தாரோ, அதை விடவே இல்லை. சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பும்போதும் அவனுக்கு அதே வார்த்தைதான். ஆறு ஏழாகி, ஏழு ஒன்பதாகி, பத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

இரண்டு மாதத்தில் ராஜீவ் குரங்குப் பெடலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். அதைவிடத் தேவகிக்கு உறுத்தியது இன்னொன்று. வசந்தி பிள்ளைகளுக்கு 'நைனா'வை மறக்கடித்து 'டாடி' சொல்லிக் கொடுத்திருந்தாள். தெருப்பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

"நீங்களும் ஒங்க நைனாவ நைனான்னுதான அண்ணி கூப்புட்டீங்க?" என்று தேவகி கேட்டாள்.

"அது அந்தக் காலம், அந்த ஊரு" என்றாள் வசந்தி.

எப்படிக் கூப்பிட்டால் என்ன, கூப்பிட ஆள் இருந்தால் அல்லவா என்று தேவகி நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை. பட்டணம் போகலாம் என்று அடம்பிடித்தவளே அவள்தான். எந்த வாயால் குறை சொல்வாள்?

அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், மாடிப்படி ஏறி ஒருவர் வந்தார். துளசிங்கம். பக்தவச்சலத்தின் ரயில் கூட்டாளி. சென்ட்ரல் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. கையில் காகிதப் பொட்டலம்.

"பக்தா இல்லியாம்மா? நாளைக்கு லீவுன்னு இன்னிக்கிக் காலையிலயே பெட்டிக்குப் பூஜ போட்டோம். அவன் பங்கு பொரியும் சுண்டலும் குடுத்துட்டுப் போலாம்னு எறங்கினேன்" என்றார்.

"வர்ற நேரந்தாண்ணா, ஒக்காருங்க" என்றாள் தேவகி. பொய்தான். வர்ற நேரம் எது என்று அவளுக்கே தெரியாது.

துளசிங்கம் உட்கார்ந்தார். காபி குடித்தார். இந்த வருஷம் சந்தனம் தெளிக்க ஆள் இல்லாமல் ஒருத்தன் கதவு முழுக்கக் கொட்டிவிட்ட கதையைச் சொன்னார். பக்தாவின் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை, துண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்றார். ஷாலினியின் படிப்பை விசாரித்தார். பேச்சு தீர்ந்துபோனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை.

"இன்னாம்மா இது" என்றார் கடைசியில். "எங்க கூட வந்துகினு இருந்தவரைக்கும் இந்நேரம் அவன் அரக்கோணம் தாண்டி பஜ்ஜி துன்னுகினு இருப்பான். இங்கருந்து இங்க வர்றதுக்கு இவ்ளோ நேரமா?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த வண்டிக்கு நேரமாகிறது என்று பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். தேவகிதான் கையில் காலி டம்ளரோடு அப்படியே நின்றாள். எழுபது, எண்பது கிலோமீட்டர் தாண்டி வந்த காலத்தில் எட்டரைக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. இப்போது இருபது நிமிஷத் தொலைவில் இருக்கிற மனுஷன் பத்து மணிக்கு வருகிறான். இதை அவளே எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? பார்த்தும் உறைக்கவில்லையே.

மறுநாள் காலையில், பட்டறைப் பூஜைக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது, புருஷனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தபடியே கேட்டாள்.

"மொதலாளி கூப்புட்டா முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாங்க?"

"எப்பிடி சொல்றது? வூடு பக்கத்துலதானன்றாரு. பொய் சொல்ல முடியுமா?"

"அங்க இருந்தப்போ எப்பிடி சொன்னீங்க?"

பக்தவச்சலம் பித்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தான். "அங்க நான் எங்க சொன்னேன்? வண்டிதான் சொல்லிச்சு. அஞ்சரையானா, மொதலாளி வண்டிக்கு நேரமாச்சுன்னு பையத் தூக்கிடுவேன். அவரும் சரி போன்னுடுவாரு. வண்டி நிக்காதுன்னு அவருக்கும் தெரியும் இல்ல?"

"அப்போ நாம ஊருக்கே போயிடலாம்."

அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில், இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தது. "பாதி வருஷத்துலியா? நீதான எல்லாத்தயும் கட்டிக்கினு வந்த? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். சிரிக்கறதுக்கு ஊருக்கு ஒண்ணும் செலவில்ல" என்றாள் தேவகி.

அவன் சீப்பை எடுத்துத் தலையை வாரினான். அவன் சுபாவம் அது. முடியாது என்றும் சொல்லமாட்டான், ஆகட்டும் என்றும் சொல்லமாட்டான். அந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டுதான் பட்டறையில் அவனைப் பம்பரமாக ஆட்டினார்கள்.

பட்டறையைக் கழுவி, மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். தொழிலாளிகளின் பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மணவாளன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார். ராஜீவின் கன்னத்தைத் தட்டி ஒரு சாக்லேட் கொடுத்தார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும், நடுவில் நின்று நாலு வார்த்தை பேசினார்.

"நம்ம பக்தா இந்த வருஷம் வீட்டப் பக்கத்துல மாத்திக்கிட்டாரு. அதுலருந்துதான் கம்பெனிக்கு நல்ல காலம். போன் அடிச்சா அரை மணியில ஆளு முன்னால நிக்கறாரு. நீங்களும் தூரத்துலருந்து வந்து கஷ்டப்படாதீங்க. அவரப் பாத்துப் பக்கத்துல வந்துடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். தேவகிக்கு அந்தக் கைதட்டல் கன்னத்தில் விழுந்தது. தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை வாரிக்கொண்டு போனவர், அதற்கு மாலை போட்டுக் காட்டுகிறார். பக்கத்து நாற்காலிப் பெண் அவளைப் பார்த்துக் கொடுத்து வைத்தவள் என்பதுபோலச் சிரித்தாள். தேவகி பொரிப் பொட்டலத்தை மகள் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒரு வார்த்தைங்க மொதலாளி."

"சொல்லும்மா."

"நாங்க திருத்தணிக்கே போறோமுங்க. இனிமே இவரு பழையபடி ஆறு மணி வண்டிக்குக் கெளம்பிடுவாரு. அங்க போனும் கெடையாதுங்க."

மணவாளனின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஏம்மா, பக்கத்துல இருக்கறது நல்லதுதானே?"

"ஒங்களுக்கு நல்லதுங்க. எம்புள்ளைங்களுக்கு இல்லீங்க. தூரத்துல இருந்தப்போ வாரத்துக்கு ஒரு நாளாவது அப்பன் இருந்தான். பக்கத்துல வந்தப்புறம் அந்த ஒரு நாளும் போச்சு. வேலைக்கு வர்றவங்கள எல்லாம் பக்கத்துல வந்துடுங்கன்னு சொல்றீங்களே, அதான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்."

பின்வரிசையில் ஒரு பெண் தொண்டையைக் கனைத்தாள். யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். மணவாளன் இப்போது தேவகியைப் பார்க்கவில்லை, பக்தவச்சலத்தைப் பார்த்தார்.

"என்ன பக்தா, வீட்டுல மீட்டிங் போட்டுட்டு வந்து சொல்ல வேண்டியதெல்லாம் இங்க நடக்குது? ரயிலப் புடிக்க ஓடற ஆள நம்பி நான் எப்படி ராத்திரி ஷிஃப்ட் ஓட்டறது?"

பக்தவச்சலத்தின் முகம் வேர்த்திருந்தது. தேவகி அவன் வாயையே பார்த்தாள். இந்த இடத்தில் இவன் தலையைச் சொறிந்துகொண்டு, அவ ஏதோ தெரியாம பேசறா மொதலாளி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் அவள் வில்லிவாக்கம் மாடியில் உட்கார்ந்து அந்தப் போன் சத்தத்தைச் சாகும்வரை கேட்க வேண்டியதுதான்.

அவன் ராஜீவைப் பார்த்தான். பையன் சாக்லேட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அப்பன் என்ன சொல்லப்போகிறான் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினோரு வருஷமா வண்டியிலதான் மொதலாளி வந்துகினு இருந்தேன்" என்றான் பக்தவச்சலம். "அப்பவும் ராத்திரி ஷிஃப்ட் ஓடிச்சு. கெளம்பறதுக்கு முன்னால எல்லா மெஷினும் பூட்டிக் குடுத்துட்டுப் போறேன். ஆறு மணிக்கு நான் வண்டியில இருப்பேன். வேற ஆளு பாக்கறதுன்னாலும் பாத்துக்குங்க."

மணவாளன் முறைத்தார். வேறு என்ன செய்வார்? கையில் இன்னொரு செட்டர் இல்லை. "பூஜை நாளும் அதுவுமா..." என்று முனகிக்கொண்டே ஸ்வீட் பாக்ஸ் இருந்த மேஜைப் பக்கம் போய்விட்டார். பக்தவச்சலத்துக்கு அந்த வருஷம் ஸ்வீட் பாக்ஸ் கிடைக்கவில்லை. தேவகி அதற்காக ஒரு நிமிஷம்கூட வருத்தப்படவில்லை.

வசந்தியிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் முதலில் கத்தினாள். "பட்டணத்துல வாழத் தெரியாம ஓடறாங்கன்னு நாலு பேரு காரித் துப்புவாங்க. கெட்டும் பட்டணம் சேர்னு சொல்லுவாங்க. நீ பட்டணத்துலருந்து கெளம்பறியே."

"நாங்க இன்னும் கெடல அண்ணி. கெட்டா வர்றோம்" என்றாள் தேவகி.

அதற்கு வசந்தி சண்டைதான் போடுவாள் என்று எதிர்பார்த்தாள். வசந்தி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு பெரிய வீட்டில் கீழே போன் அடிக்கிற சத்தமும், மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் இத்தனை மாதமாகத் தனக்கு எவ்வளவு பெரிய துணை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் தேவகிக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள். "ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் வராதீங்க அண்ணி. நெனச்சப்போல்லாம் வாங்க. இதே வண்டிதான்" என்றாள். மனம் இளகியதென்னவோ உண்மை. ஆனால் முடிவு இளகவில்லை.

ஷாலினிதான் மசியவே இல்லை. பதின்மூன்று வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு, இங்கிலீஷ் பேசுகிற தோழிகள், லைப்ரரி. "தம்பிக்கு சைக்கிள் கத்துக் குடுக்கணும்னு என் படிப்ப ஏன் கெடுக்கற?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. தேவகி மழுப்பவில்லை. "அங்க ஒனக்குக் கொறச்சல்தான். இல்லேன்னு சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர அப்பால கத்துக்கலாம். நைனாவ அப்பால கத்துக்க முடியாது" என்றாள்.

ஷாலினிக்கு அது சமாதானமாகவில்லை. பொங்கல் வரைக்கும் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் முழுக்கத் தீர்ந்ததா என்று இன்றைக்கும் தேவகிக்குத் தெரியாது. அஞ்சாறு வருஷம் கழித்து, அதே வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போனாள். ஜன்னலோரச் சீட்டுக்குத் துண்டு போட்டு வைக்கிற புத்தி அப்பன் வழியில் வந்தது. கம்ப்யூட்டர்தான் படித்தாள். அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் மட்டும் இப்போதும் அம்மாவைக் குத்திக் காட்டுவாள். தேவகி அதை வாங்கிக்கொள்வாள். எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டதாக அவள் எப்போதும் சொன்னதில்லை.

ஊர் சிரித்தது, சொன்னபடியே. "இன்னா தேவகி, பட்டணம் ஒத்துக்கலியா?" என்று சந்தையில் கேட்டார்கள். "பட்டணம் ஒத்துக்கிச்சு. எனக்குத்தான் அது ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காயைப் பொறுக்கினாள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தபோது கரையான் ஒன்றும் பிடிக்கவில்லை. கூரைமேல் குரங்குகள் ஓடுகளைக் கலைத்து வைத்திருந்தன, அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தடவை அவள் ஒன்றை மாற்றினாள். தன் சட்டத்தையே மாற்றினாள். வண்டியை யாரும் சீக்கிரம் வரச் சொல்ல முடியாது. வீட்டுக் கடிகாரத்தை மாற்றுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகளைப் படுக்கப் போட்டாள். விளக்கு வைத்ததும் எழுப்பி, முகம் கழுவ வைத்து, படிக்க உட்கார வைத்தாள். ராத்திரிச் சோறு எட்டரைக்கு மேல், நாலு பேரும் சேர்ந்து. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் எட்டு மணிக்குத் தூங்கும் என்று எந்த மகராசன் எழுதி வைத்தான் என்று தெரியவில்லை. அவனுக்கு அம்பத்தூரில் வேலை இருந்திருக்காது.

எதிர்வீட்டுச் சந்திரா வாசலில் நின்று அதிசயப்பட்டாள். "இன்னாடி இது, வெளக்கு வச்சி எவ்ளோ நேரமாச்சு, பசங்க கொட்டகொட்ட முழிச்சிக்கினு கெடக்குதுங்க?"

"எங்க வூட்ல இப்போதான்க்கா சாயங்காலம்" என்றாள் தேவகி.

மார்கழியில் ஒரு நாள். மலைமேல் விளக்குகள் தெரிந்தன. கூடத்தில் ஷாலினி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ராஜீவ் கவிழ்ந்து படுத்துக்கொண்டு பம்பரத்துக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். முழங்காலில் இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை குரங்குப் பெடலில் சரவணப்பொய்கை வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போய், பிரேக் பிடிக்கத் தெரியாமல் ஒரு கீரைக்காரியின் கூடைமேல் விழுந்து வந்தவன் அவன். பின்னாலேயே ஓடின பக்தவச்சலம் கீரைக்காரியிடம் வாங்கிய வசவுக்கு அளவே இல்லை.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பக்தவச்சலம் பையை ஆணியில் மாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ராஜீவு, தண்ணி கொண்டாடா."

பையன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கொடத்துல இருக்குது நைனா. போய் மொண்டு குடி."

தேவகி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எந்த வீட்டிலும் இந்தப் பேச்சுக்கு முதுகில் ஒன்று விழும். அவள் கையும் பழக்கத்தில் ஓங்கத்தான் போனது. பிறகு மேல்தட்டைப் பார்த்தாள். விருந்தாளிச் சொம்பு கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது. அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

பக்தவச்சலம் சிரித்துக்கொண்டே எழுந்து போய், நசுங்கிய டம்ளரில் மொண்டு, நின்றபடியே குடித்தான்.